அழகான, விலை கூடிய ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் ஒலியும் நன்றாக இருக்குமா?

அவசியமில்லை. நீல வெளிச்சத்தில் ஆடும் மீட்டர் ஊசிக்கும் காதில் விழும் ஒலிக்கும் சம்பந்தமே கிடையாது. 1978-இல் வந்த என்.ஏ.டி. 3020 என்ற ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள்: பார்க்க ரொம்பச் சாதாரணமான பெட்டி, சேனலுக்கு (இடது, வலது ஒவ்வொன்றுக்கும்) 20 வாட்தான், ஆனால் இசை திடீரென்று எகிறும் நொடிகளில் அதைவிட அதிகமாகவே தரும், இயக்கக் கஷ்டமான ஸ்பீக்கரையும் திணறாமல் ஓட்டும், அதனால்தான் இன்றும் பழையதைத் தேடி வாங்குகிறார்கள். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு), காதுக்கு அது கொஞ்சம்தான். முதலில் உங்கள் ஸ்பீக்கர் எத்தனை ஓம் (மின்தடை), அதன் சென்சிட்டிவிட்டி (குறிப்பிட்ட மின்சக்திக்கு அது தரும் சத்தம்) எவ்வளவு என்று பாருங்கள், மிச்சக் காசையும் ஸ்பீக்கரிலேயே போடுங்கள். அப்புறம், கடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாக இருப்பதையே நல்ல ஒலி என்று காது நம்பிவிடும்.