வெந்நீரில் குலையாத புரதம்

கேள்வி: பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டதும் பசை இளகிவிடுகிறது. பசையும் புரதம்தானே? வெந்நீர் ஊற்றில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவின் புரதம் மட்டும் எப்படிக் குலையாமல் நிற்கிறது, ஐயா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பசை இளகினாலும் நூல் அசைவதில்லையே, அம்மிணி! அதுவும் புரதம்தான். சூடு எல்லாப் புரதத்தையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில், மாமத் வெந்நீர் ஊற்றிலிருந்து பிரித்தெடுத்த ‘தெர்மோகுரோமேஷியம் டெபிடம்’ என்ற ஊதா கந்தக பாக்டீரியா 48 முதல் 50 டிகிரி செல்சியஸில் செழிக்கிறது. ஒளியை வாங்கும் புரத வளையமும் அதன் நடுவில் அந்த ஒளியாற்றலை வேதியாற்றலாக மாற்றத் தொடங்கும் வினை மையமும் சேர்ந்த தொகுதியே அதன் உயிர்நாடி. தொகுதியைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட அமைப்பில், அந்த வளையத்தில் 16 கால்சியம் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட கால்சியம் அணுக்கள்) தெரிந்தன. அடுத்தடுத்த புரதத் துண்டுகளை இழுத்துக் கட்டுபவை இவைதான். கால்சியத்தை நீக்கினால் தொகுதி சூட்டுக்குச் சீக்கிரம் குலைகிறது. அதோடு, 915 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சியது 880 பக்கம் இறங்கிவிடுகிறது. சூட்டைத் தாங்க வைப்பது, உறிஞ்சும் ஒளியைத் தீர்மானிப்பது என ஒரே அயனிக்கு இரட்டை வேலை!

நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்போது திட்டுகிறோமே, அந்தக் கால்சியம்தான். மாமத்தின் பாறைப் படிக்கட்டுகளும் சுண்ணாம்புப் படிவுகளே. கைக்கெட்டியதை பாக்டீரியா பயன்படுத்திக்கொண்டது என்பது என் ஊகம்.

அதற்காகக் கொதிநீரையும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். ஒளிச்சேர்க்கைக்கு அறியப்பட்ட உச்சவரம்பே ஏறத்தாழ 73 டிகிரிதான்.