சுருதி அசைகிறதா? முதலில் 18 விநாடி எண்ணிப் பாருங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "300 பிரதிகள் மட்டுமே அச்சிட்ட கிற்றார் ட்ரோன் (ஒரே சுருதியை நீட்டிக்கொண்டே போகும் இசை) இசைத்தட்டு ஒன்றை வெளிநாட்டில் இருந்து வரவழைத்தேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே சுருதிதான். ஆனால் அது மெல்ல ஏறி இறங்குவது போல இருக்கிறது. அடியில் ஓர் உறுமலும் கேட்கிறது. இது இசையா, பழுதா? திருப்பி அனுப்பிவிடு என்கிறார் அண்ணா."

அண்ணாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் ஸ்டாப்வாட்ச்சைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஏற்ற இறக்கம் பத்து முறை வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 விநாடி ஆகும். பத்து அசைவுக்குச் சரியாக 18 விநாடி என்றால், காரணம் தட்டில்தான் இருக்கிறது. கணக்கு அப்படி வரவில்லையென்றால், அது பெரும்பாலும் இசையே.

தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதை அருகில் இருந்து கேட்டிருக்கிறீர்களா? ஒரே சுருதிக்குச் சேர்க்கும் சாரணி, அனுசாரணி என்ற இரு நடுத் தந்திகளும் முழுதாகச் சேராதபோது ஒலி விம்மி விம்மி வரும். சேரச் சேர விம்மல் மெதுவாகி, கடைசியில் அடங்கிவிடும். ட்ரோன் கிற்றார் கலைஞர்கள் பலர் அந்த விம்மலை அடங்க விடுவதில்லை. அவர்களுக்கு இசையே அதுதான். ஒரு தந்தி 82.4 ஹேர்ட்ஸ், இன்னொன்று 82.9 ஹேர்ட்ஸ் என்றால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒலி பெருகித் தணியும். இங்கே ஏறி இறங்குவது சத்தத்தின் அளவு; சுருதி அதே இடத்தில் நிற்கும். தட்டின் பழுதில் சுருதியே மேலும் கீழும் போகும். கூடவே மெல்ல முனகிப் பாருங்கள், உங்கள் குரல் வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தட்டில்தான் பழுது என்றால், ஊசி தாங்கிய கையைக் கவனியுங்கள். அது இடமும் வலமுமாக ஆடினால் நடுத்துளை மையம் விலகியிருக்கிறது. மேலும் கீழும் ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது. மையம் அரை மில்லிமீற்றர் விலகினாலே போதும்: தட்டின் நடுப்பகுதியில் சுருதி இரு பக்கமும் அரை வீதம் அலையும். உள்வட்டத்துக்குப் போகப் போக அது 0.8 வீதத்தை எட்டும், அதாவது அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. சாதாரணப் பாட்டில் சுரம் மாறிக்கொண்டே இருப்பதால் இது காதில் விழாமல் போய்விடும். ஒற்றைச் சுருதி நீளும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை.

பழுதென்று முடிவு கட்டுமுன், தட்டை எடுத்துக் கொஞ்சம் திருப்பி, ஒரு பக்கமாக மெல்லத் தள்ளி வையுங்கள். துளை தளர்வாக இருந்தால் இதிலேயே ஆட்டம் குறையும். அப்புறம் மறுபக்கத்தையும் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆடினால், அந்தப் பக்கத்தைத் தட்டில் அழுத்திப் பதித்த அச்சுத்தகடு விலகியிருக்கிறது. அப்படியானால் மாற்றுப் பிரதியும் அதே அச்சில் இருந்து வந்ததாக இருக்கக்கூடும்.

உங்கள் பிளேயர் பழையதென்றால் இன்னொன்று. தட்டின் ஓரத்தில் சிறு காகிதம் ஒட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் 100 வர வேண்டும். 83 வந்தால் அது 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டுக்காகச் செய்த மோட்டார். நம் 50 ஹேர்ட்ஸ் கரண்டில் மூன்று அரைச்சுரம் இறங்கிப் பாடும். ட்ரோன் தட்டில் இதைக் காதால் பிடிப்பது கடினம். எல்லாம் இன்னும் ஆழமாக, அழகாகவே கேட்கும்.

சரி, உறுமலுக்கு வருவோம். ஊசியைத் தூக்குங்கள். தூக்கிய பிறகும் கேட்டால் அது மின்சார இரைச்சல், 50 அல்லது 100 ஹேர்ட்ஸில் இருக்கும். பிளேயரின் எர்த் வயர் அம்பிளிபயரின் திருகில் இறுகப் பிணைந்திருக்கிறதா என்று பாருங்கள். தூக்கியதும் நின்றுவிட்டால், தட்டைச் சுற்றவிடாமல் ஊசியை அதன் மேல் வைத்து, அளவான சத்தத்தில் மேசையை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் தொம் என்று கேட்டால் அதிர்வு மேசை வழியே ஏறுகிறது. இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே பதிப்பார்கள்; அம்பிளிபயரில் இசைத்தட்டுக்கென்று உள்ள போனோ பகுதி அவற்றைத் திரும்ப உயர்த்தும். அதனால் இந்த அதிர்வும் சேர்ந்தே பெருகும். ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் வீடென்றால், ரயில் போகும் நேரத்திலும் இதைச் சோதியுங்கள். சுவரில் அடித்த தட்டுப்பலகைதான் நான் சொல்லும் மருந்து.

பக்கத்தின் முடிவில் ஊசி அதே 1.8 விநாடியைத் திரும்பத் திரும்பத் தந்தால் பயப்படாதீர்கள். ஊசி சுற்றிச் சுற்றி அங்கேயே ஓட, வேண்டுமென்றே வட்டமாக மூடிய பள்ளம் அது; அமெரிக்க ரொக் இசைக் கலைஞர் லூ ரீட் 1975இல் தன் இரட்டைத் தட்டின் நான்காம் பக்கத்தை இப்படித்தான் முடித்தார்.

தட்டோடு டவுன்லோட் கோட் வந்திருந்தால் அந்தக் கோப்பையும் கேட்டு ஒப்பிடுங்கள். கோப்பில் நிலையாக நின்று தட்டில் மட்டும் அலைந்தால், கை ஆடுவதைக் காணொளியாக எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். மாற்றுப் பிரதி வேறு அச்சில் இருந்து வந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டுவிட்டுத் தட்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். 300இல் ஒன்றை நான் அனுப்பமாட்டேன்.