ஏஎம்எச் குறைந்தால் தாய்மை இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 33. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் குழந்தை இல்லை. ஏஎம்எச் என்ற ஹார்மோன் குறைவு, கருமுட்டை இருப்பு குறைந்துவிட்டது என்கிறார்கள். மைக்ரோ ஆர்என்ஏ கோளாறுதான் காரணம் என்று படித்தேன். அதைச் சோதித்து மருந்து எடுத்தால் முட்டை கூடுமா? மாமியார் என் பரம்பரையைக் குறை சொல்கிறார்.

பதில்: சகோதரி, பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனை இப்போது உங்களுக்கு வேண்டாம்.

மைக்ரோ ஆர்என்ஏ என்பது செல்லுக்குள் இருக்கும், ஏறக்குறைய 22 மரபெழுத்து நீளமே உள்ள துணுக்கு. 1993இல் ஒரு சிறு புழுவில் அதைக் கண்டறிந்த விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. தோட்டத்துக் கணக்கர் கிராணி எழுதிய சீட்டு, வேலை வாங்கும் மண்டோர் கைக்குப் போகாமல் வழியில் நின்றால் வேலை நடக்குமா? மரபணு அனுப்பும் கட்டளையை இது அப்படித்தான் மறிக்கிறது. கருமுட்டையைச் சுற்றி நின்று ஊட்டம் தரும் செல்கள் உண்டு. ஏஎம்எச்சைச் சுரப்பதும் அவைதான். சில மைக்ரோ ஆர்என்ஏக்கள் அந்தச் செல்களைச் சாகவிடுகின்றன, சில காப்பாற்றுகின்றன. இருப்பு குறைந்த பெண்களிடம் இவற்றின் அளவு மாறியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இதைச் சரிசெய்து முட்டையைக் கூட்டும் மருந்து எங்குமே சிகிச்சைக்கு வரவில்லை. பெண் பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள், அப்புறம் குறைவதுதான் இயற்கை.

ஏஎம்எச் சொல்வது, சினைப்பையைத் தூண்டும் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்பதைத்தான். கருத்தரிக்க முடியாது என்று அது சொல்லவில்லை. கருத்தரிப்புச் சிக்கல் இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. ஏஎம்எச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். நீங்கள் இரண்டு வருடம் பார்த்துவிட்டீர்கள், அதனால் இனிக் காத்திருக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி ஈப்போவில் நிபுணரைப் பாருங்கள். மாதவிலக்கின் தொடக்க நாட்களில் சினைப்பை ஸ்கேன் எடுப்பார்கள். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் ஏஎம்எச்சைக் குறைத்துக் காட்டும்.

பரம்பரைக்கும் இதில் பங்குண்டு, உண்மைதான். அம்மாவுக்கு எந்த வயதில் மாதவிலக்கு நின்றது என்று கேட்டுப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மருத்துவருக்கு வேண்டிய தகவல், உங்கள் குற்றம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் கணவரின் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லையே! குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அவரையும் அதே நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள்.