பதினாலு வயதுப் பெடியனோட ஸ்காபரோவுக்கு வாற தம்பிக்கு

தம்பி, ஆடி மாதம் குடும்பத்தோட கனடாவில இருக்கிற ஸ்காபரோவுக்கு வாறியள் எண்டும், வீடு எந்தப் பக்கம் மலிவு, குளிர் உடுப்பு ஊரிலயிருந்து கொண்டுவாறதோ, பதினாலு வயது மகனை எஞ்சினியராக்க என்ன வழி எண்டும் கேட்டிருக்கிறியள். குளிர் உடுப்பை இங்க வந்து ஐப்பசியில வாங்குங்கோ. வாடகை பற்றிச் சொல்ல ஆக்கள் நிறைய. நான் பெடியனைப் பற்றித்தான் எழுதப்போறன். என்ர மகனும் கிட்டத்தட்ட அந்த வயதில வந்தவன்தான். இண்டைக்கு மாஸ்டர் எலக்ட்ரீசியன்.

முதல்ல கடதாசிகள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடைசி இரண்டு மூண்டு வருஷத்துப் பள்ளிக்கூட ரிப்போட். தமிழ் மீடியம் எண்டால் ரிப்போட்டை அங்கேயே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து இங்கிலிசில எடுத்துக்கொண்டு வாங்கோ. இங்க வகுப்பு பிறந்த வருஷத்தை வைச்சுத்தான். இந்த டிசம்பர் 31க்குள்ள 14 நிரம்புற பிள்ளை செப்ரெம்பரில கிரேட் 9, 15 நிரம்பினால் கிரேட் 10. ஹைஸ்கூல் முடிக்க 30 கிரெடிட் (பாடம் முடிச்சதுக்குக் கிடைக்கிற புள்ளி), 40 மணித்தியாலம் சமூக சேவை, ஒரு எழுத்தறிவுச் சோதினை. கிரேட் 10க்குப் போற பிள்ளைக்கு, ஊரில படிச்சதுக்கு எத்தினை கிரெடிட் எண்டு அதிபர் அந்த ரிப்போட்டைப் பாத்துத்தான் முடிவெடுப்பார். ரிப்போட் இல்லாமல் வந்தால் வாதாட உங்களிட்ட ஒண்டும் இராது.

பதியேக்க இங்கிலிசும் கணக்கும் சோதிச்சு, தேவையெண்டால் ஈ.எஸ்.எல், அதாவது இங்கிலிசை இரண்டாம் மொழியாப் படிப்பிக்கிற வகுப்பில போடுவினம். இதில எங்கட சனம் செய்யிற பிழையைச் சொல்லாமல் விடேலாது. "என்ர பிள்ளைக்கு இங்கிலிஸ் தெரியும், ஈ.எஸ்.எல் வேண்டாம்" எண்டு சண்டை பிடிச்சு வெளியில எடுப்பினம். அது மானப் பிரச்சினை இல்லை. இங்கிலிசுக்கு வேண்டிய நாலு கிரெடிட்டில மூண்டு வரைக்கும் ஈ.எஸ்.எல் ஆக இருக்கலாம், நாலாவது மட்டும் கிரேட் 12 இங்கிலிஸ். ஈ.எஸ்.எல் படிக்காமல் நேர போன பிள்ளை, பிறகு சரித்திரப் பாடத்தில கட்டுரை எழுதேலாமல் வாயை மூடிக்கொண்டு பின்வாங்கிலயே இருந்திடும்.

நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது பாடத்தின்ர கோட். கிரேட் 11, 12 பாடங்களில ஐந்தாவது எழுத்தைப் பாருங்கோ. யூ எண்டால் யூனிவர்சிற்றி, சி கொலிஜ், எம் இரண்டுக்கும் பொது, ஈ வேலைக்குப் போற பிள்ளையளுக்கு. எஞ்சினியரிங் எண்டால் பொதுவா கிரேட் 12 இல இங்கிலிஸ், அட்வான்ஸ்ட் பங்சன்ஸ் எண்ட கணக்குப் பாடம், கல்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ஐந்தும் யூ வேணும், அதோட இன்னொரு யூ அல்லது எம். கிரேட் 12 அட்வான்ஸ்ட் பங்சன்சுக்கு கிரேட் 11 யூ கணக்கு முன்னுக்கு முடிச்சிருக்க வேணும். கிரேட் 11 இல "சுகமா இருக்கட்டும்" எண்டு பிழையான கணக்கை எடுத்தால், கிரேட் 12 இல கதவு பூட்டியிருக்கும். பிறகு சமர் ஸ்கூல், இரவுப் பள்ளி எண்டு ஓட வேணும். பாடம் தெரிய வழிகாட்டுற கைடன்ஸ் கவுன்சிலரைப் பாக்க நீங்களே போங்கோ. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு முன்கூட்டியே கேட்டால் ஒழுங்கு செய்வினம். மகனை வைச்சு மகனைப் பற்றிக் கதைக்காதேங்கோ. பாங்குக்கும் டொக்டரிட்டையும் கூட அவனை வகுப்பு நேரத்தில இழுத்துக்கொண்டு போகாதேங்கோ.

இனி, நீங்கள் கேக்காதது. எஞ்சினியர் இல்லாட்டில் டொக்டர், இல்லாட்டில் அக்கவுண்டன்ற் எண்டு எங்கட ஆக்கள் ஒரு வட்டம் கீறி வைச்சிருக்கினம். கையால வேலை செய்யிற பிள்ளையைப் பற்றிக் கலியாண வீட்டில கதைக்கவே கூச்சப்படுவினம். இது எனக்குக் கோபம் வாற விசயம். ஒன்ராறியோவில 309ஏ எலக்ட்ரீசியன் லைசென்ஸ் எடுக்க என்ன வேணுமெண்டு பாருங்கோ: மொத்தம் 9,000 மணித்தியாலம். அதில 8,280 வேலைத்தளத்தில, 720 வகுப்பில. வகுப்பு மூண்டு கட்டமா வரும், ஒவ்வொண்டும் 240 மணித்தியாலம், வழமையா எட்டுக் கிழமை. வகுப்புக்குப் போற காலத்தில தகுதி இருந்தால் ஈ.ஐ. எண்ட வேலைக் காப்புறுதிக் காசு கிடைக்கும். கடைசியில 100 கேள்வி, நாலு மணித்தியாலச் சோதினை, 70 வீதம் எடுத்தால்தான் பாஸ். அதுக்குப் பிறகு மூண்டு வருஷம் அனுபவம் காட்டித்தான் மாஸ்டர் சோதினைக்குப் போகலாம்.

ஹைஸ்கூலில இருக்கேக்கயே இதைத் தொடங்கலாம். கிரேட் 11, 12 பிள்ளையளுக்கு ஓயாப் எண்டு ஒரு திட்டம் இருக்கு. வேலைத்தளத்தில பழகிறதுக்குக் குடுக்கிற கோ-ஒப் கிரெடிட்டும் வரும், பதிஞ்ச அப்பிரண்டிசா (தொழில் பழகிறவனா) இருந்தால் செய்த மணித்தியாலமும் கணக்கில சேரும். ஆனால் கணக்கை விடாதேங்கோ. வேலைக்கு எடுக்கிற நிறையப் பேர் கிரேட் 12 கணக்கும் பிசிக்சும் பாக்கினம். பெடியள் இடறுற இன்னொரு இடம் மணித்தியாலப் பதிவு. வேலை மாறும்போது பழைய முதலாளியிட்ட ஒப்பம் வாங்காமல் போயிடுவினம், பிறகு அந்த ஆளைத் தேடிப்பிடிக்க ஏலாது. மாதம் ஒருக்கா ஒப்பம் வாங்கச் சொல்லுங்கோ.

வேலைக்குப் போற முதல் நாளுக்கு வேண்டியது: பச்சை முக்கோண அடையாளமும், வெள்ளைப் பட்டியில ஒறேஞ்ச் நிற ஒமேகா (Ω) எழுத்தும் உள்ள சப்பாத்து. பச்சை முக்கோணம் கால் விரலுக்கும் பாதத்துக்கும் பாதுகாப்பு, ஒமேகா மின்சார அதிர்ச்சிக்கு. மற்றது சதுர வாய் ரொபேட்சன் ஸ்குரூட்ரைவர், ஊரில நான் கண்டதில்லை. பச்சைப் பிடி ஒண்டாம் நம்பர், சிவப்பு இரண்டு, கறுப்பு மூண்டு. கூடுதலா வேலை செய்யிறது சிவப்புதான். வயர் போற குழாயை வளைக்கிறதும் கணக்குத்தான். அரை அங்குலக் குழாயை நிலத்திலயிருந்து 12 அங்குலம் உயர 90 பாகைக்கு வளைக்க வேணுமெண்டால், வளைவு எடுக்கிற 5 அங்குலத்தைக் கழிச்சு 7 இல அடையாளம் போட வேணும். முக்கால் அங்குலத்துக்குக் கழிக்கிறது 6, ஒரு அங்குலத்துக்கு 8. 12 இலயே அடையாளம் போட்டால் குழாய் 17 அங்குலத்துக்கு எழும்பி நிக்கும், வெட்டி எறிய வேணும்.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஊரில பழைய வீடுகளில சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இங்க கறுப்புத்தான் லைவ், சிவப்பும் லைவ். வெள்ளை நியூட்ரல், பச்சையோ வெறும் செம்போ ஏர்த். பழைய வீடுகளில சுவிட்சுக்குப் போற வெள்ளையிலயும் கரண்ட் இருக்கும். ஊர்ப் பழக்கத்தில கறுப்பைப் பிடிக்காதேங்கோ. ஊரில 230 வோல்ற், இங்க பிளக்கில 120. அதனால மிக்சி, கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ.

தமிழை விட்டிடுவானோ எண்டும் பயப்பிடாதேங்கோ. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இருக்கு, ஹைஸ்கூலில கிரெடிட்டும் கிடைக்கும், அந்த 30 இல சேரும். என்ர மகனும் அப்பிடித்தான் படிச்சவன். எங்கட வீட்டு பேஸ்மென்ற்றில பிரேக்கர் பெட்டியை மாத்தினவன் அவன்தான். பெட்டிக் கதவின்ர உள்பக்கம் ஒவ்வொரு பிரேக்கரும் எதுக்கு எண்டு எழுத வேணும். தாய் விளங்கி நிப்பாட்டட்டும் எண்டு தமிழில எழுதியிருக்கிறான்: அடுப்பு, உடுப்புக் காய விடுற மெசின், சாமி அறை, குசிணி. மூண்டு சுழி ண. நான் திருத்தயில்லை.