ஒரு மாதக் குதிரைக்குட்டி நொண்டுகிறது, கால் முறிவா?

முறிவாகவே இருந்தாலும் கருணைக்கொலை பற்றி இப்போதே யோசிக்காதீர்கள். ஒரு மாதக் குட்டிக்கு எடை குறைவு, எலும்பும் சீக்கிரம் கூடும்.

கொட்டடியிலேயே இருந்த குட்டியை மேலூர்ப் பக்கம் கண்மாய்த் திடலில் தாயோடு அவிழ்த்துவிட்டதாகவும், பந்தய வண்டி இழுத்துப் பழகிய தாய் நாலுகால் பாய்ச்சலில் போக இதுவும் பின்னாலேயே ஓடி, மறுநாள் முன்காலில் குளம்புக்கு மேல் மூட்டு வீங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மூட்டின் பின்பக்கத்துச் சிறு எலும்பு இரண்டில் ஒன்று முறிந்திருக்கலாம். களைத்த குட்டி தாயை விடாமல் ஓடும்போது நடப்பதுதான். பெரும்பாலும் கட்டுகூட வேண்டாம், சில வாரம் சின்ன அறையில் தாயோடு அடைத்து ஓய்வு கொடுத்தால் போதும்.

ஆனால் முதலில் காய்ச்சல் பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து 102 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, தொப்புள் வீங்கி ஈரமாக இருந்தாலோ, மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு அன்றைக்கே மருத்துவர் வேண்டும், தாமதித்தால் மூட்டே போய்விடும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் சீழ் இல்லை என்று உறுதியாகாது, அதனால் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், வலி மருந்தை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வலி தெரியாமல் குட்டி ஓடும், வயிற்றுப்புண்ணும் வரும். யாரையும் காலை உருவிவிடவும் விடாதீர்கள்.