கெர்னல் நிரலில் குறிப்புரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்கு முதன்முறையாக ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பினேன். வரிக்கு வரி நான் எழுதியிருந்த குறிப்புரைகளை நீக்கச் சொன்ன மறுஆய்வாளர், ஒன்றும் எழுதாமல் விட்ட மெமரி பேரியர் (நினைவக அணுகல்களின் வரிசையைக் காக்கும் கட்டளை) வரிக்கு மட்டும் கட்டாயம் குறிப்புரை வேண்டும் என்கிறார். இது முரண் இல்லையா?

பதில்: முரண் இல்லை. நிரல் எப்படி இயங்குகிறது என்பதைக் குறிப்புரையில் விளக்க முயலாதீர்கள், படித்தாலே விளங்கும்படி நிரலை எழுதுங்கள் என்று லினக்ஸ் கெர்னலின் நடை ஆவணமே அறிவுறுத்துகிறது. ‘எண்ணியில் ஒன்றைக் கூட்டுகிறோம்’ என்ற குறிப்புரை, கண்ணுக்குத் தெரிவதையே திரும்பச் சொல்கிறது.

மெமரி பேரியரின் கதை வேறு. ஒரு சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர், தற்காலிகச் சேமிப்பிடமான இடையகத்தில் தரவை எழுதிவிட்டு, பிறகு எதுவரை எழுதியாயிற்று என்று காட்டும் சுட்டெண்ணை உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வரிசையை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரோ பிராசஸரோ மாற்றிவிட்டால், இன்னொரு பிராசஸரில் ஓடும் நிரல் புதிய சுட்டெண்ணை நம்பிப் பழைய தரவைப் படித்துவிடும். அதைத் தடுக்கத்தான் இரண்டுக்கும் நடுவே அந்த வரி நிற்கிறது. ஆனால் எதை எதிலிருந்து காக்கிறது என்பதோ, படிக்கும் பக்கத்தில் அதற்கு இணையான பேரியர் எங்கே இருக்கிறது என்பதோ அந்த வரியைப் பார்த்தால் தெரியாது. தேவையற்றது என்று எண்ணி யாரேனும் அதை நீக்கினால், எழுதும் வரிசையைப் பிராசஸரே காக்கும் எக்ஸ்86 வகைக் கணினியில் சோதனை பெரும்பாலும் தேறிவிடும். வரிசையைத் தளர்வாகக் கையாளும் ஏஆர்எம் வகைக் கணினியில்தான், அதுவும் எப்போதாவது, பிழை தலைகாட்டும். பேட்சுகளைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவியும், குறிப்புரை இல்லாத பேரியரைக் கண்டால் எச்சரிக்கை தருகிறது. ‘தரவு முழுவதும் எழுதப்பட்ட பின்னரே சுட்டெண் உயர வேண்டும், இதன் இணை, படிக்கும் செயற்கூற்றில் உள்ள ரீட் பேரியர்’ என்று எழுதுங்கள், அது போதும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பொதுத் தரவை ஒரே நேரத்தில் பலர் மாற்றாமல் தடுக்கும் பூட்டுதான் லாக். ‘அழைப்பவர் இந்த லாக்கைப் பிடித்திருக்க வேண்டும்’ என்று எழுதுவதோடு நிற்காமல், அதைச் சரிபார்க்கும் லாக்டெப் (கெர்னலின் லாக் சரிபார்ப்பு வசதி) வரியையும் செயற்கூற்றின் தொடக்கத்தில் சேருங்கள். நிரல் மாறிய பின்னும் குறிப்புரை பழையபடியே இருந்துவிடலாம், கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது. லாக்டெப் இயக்கப்பட்ட கெர்னலிலோ விதி மீறப்பட்ட கணமே எச்சரிக்கை வந்துவிடும்.

கேள்வி: யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பில் ‘இது உங்களுக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை’ என்றொரு குறிப்புரை இருந்ததாமே? வாசகரை இளக்காரம் செய்வதா அது?

பதில்: இல்லை. 1975இல் வெளியான அந்தப் பதிப்பில், ஒரு புராசஸிலிருந்து (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் அந்த வரி இருந்தது. ‘தேர்வில் இது கேட்கப்படாது’ என்ற பொருளிலேயே எழுதப்பட்டது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பின்னாளில் விளக்கினார். உண்மையில் அங்கே நடப்பது தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். செயற்கூறுகள் தம் நிலையைச் சேமிக்கும் ஸ்டாக் எப்படி மாற்றப்படுகிறது என்பதை அதற்கு மேலிருந்த குறிப்புரை ஒழுங்காகவே சொல்லியிருந்தது. ஒரு செயற்கூறு சேமித்த நிலைக்கு வேறொரு செயற்கூறு திரும்புவது, அப்போது யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியின் கம்பைலர் எல்லாச் செயற்கூறுகளுக்கும் ஒரே திரும்பும் முறையைக் கையாண்டதால்தான் சாத்தியமாயிற்று என்ற சேதியைத்தான் அது சொல்லவில்லை. யூனிக்ஸை இன்டர்டேட்டா என்ற வேறொரு கணினிக்கு மாற்றியபோது, அங்கே அந்த முறை செயற்கூற்றுக்குச் செயற்கூறு வேறுபட்டது. அந்தப் பகுதியையே மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று.