பள்ளிக்கு வந்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு: லீவு வரை தள்ளிப் போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, ஊர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. போன வாரம் பள்ளிக்கு வேனில் வந்த மருத்துவக் குழு, இடது கண்ணில் பார்வை குறைவு என்று சீட்டு எழுதி, மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கும் டிஇஐசி மையத்துக்கு (பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை தரும் இடமாம்) போகச் சொன்னது. அவன் நன்றாக டிவி பார்க்கிறான், படிக்கிறான், தலைவலி என்று சொன்னதே இல்லை. அந்த மையம் ஊனமுற்ற பிள்ளைகளுக்குத்தான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்கிறார் கணவர். முழுப் பரீட்சை லீவில் கூட்டிப் போனால் போதாதா? (ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: போதாதும்மா. ஒரு நாள் பள்ளி தவறினாலும் பரவாயில்லை, இந்த வாரமே போய்விடுங்கள்.

டிவி பார்க்கிறான் என்கிறீர்கள். வலது கண் நன்றாக இருக்கும்போது பார்க்காமல் என்ன செய்வான்? ஒரு கண் மட்டும் மங்கலான பிள்ளைகள் வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் போல என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டிலேயே பார்க்கலாம். அவன் வலது கண்ணை நீங்களே உள்ளங்கையால் மூடுங்கள் (அவனை மூடச் சொன்னால் விரல் இடுக்கில் எட்டிப் பார்ப்பான்), பத்தடி தள்ளி நிறுத்தி காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இடது கண்ணை மூடிவிட்டு அதே மாதிரி. தேதி பெரிய எழுத்து, அதைப் படித்துவிட்டான் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, மங்கலான கண் அனுப்பும் படத்தை மூளை மெல்ல ஒதுக்க ஆரம்பித்துவிடும். சோம்பல் கண் என்போம். அப்படியே விட்டுவிட்டால் பிறகு சரியான கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது, கோளாறு கண்ணில் இல்லையே, மூளை அதைப் பழகவில்லை. 7, 8 வயதுக்குள் பிடித்தால் நன்றாகத் திரும்பும். பெரிய பிள்ளைகளுக்கும் முன்னேற்றம் வரும், ஆனால் கஷ்டப்பட வேண்டும். உங்கள் மகனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. சீட்டு எழுதியவரும் எழுத்து அட்டையை வைத்துப் பார்த்து வந்த சந்தேகத்தைத்தான் எழுதியிருப்பார்.

அக்கா சொன்னதில் பாதிதான் உண்மை. பள்ளிக்கு வந்த வேனும் அந்த மையமும் 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தைச் (ஆர்பிஎஸ்கே என்பார்கள்) சேர்ந்தவை, அதில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் மட்டுமில்லை, ரத்தசோகை, சொத்தைப் பல், காது கேளாமை, பார்வைக் குறைவு எல்லாமே அதில் உண்டு. அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வேன் வரும், ஆக இதை விட்டால் அடுத்த வருடம்தான்.

மையத்தில் கண்ணில் மருந்து விட்டுப் பவர் பார்ப்பார்கள். பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். எந்த மருந்து என்பதைப் பொறுத்து சில மணி நேரமோ, ஒன்றிரண்டு வாரமோ கூட இருக்கலாம். பயப்பட வேண்டாம், ஒரு தொப்பி போதும். சிகிச்சை இலவசம். சீட்டையும் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள்.

உங்கள் கணவர் சொல்வதை நான் தினமும் கேட்கிறேன். பிள்ளை வளரும்போது கண்ணும் வளர்கிறது, அதனால் பவர் மாறுகிறது, கண்ணாடி ஏற்றுவதில்லை.

சோம்பல் கண் என்று தெரிந்தால், முதலில் கண்ணாடி மட்டும் தந்து சில மாதம் பார்ப்பார்கள். போதாவிட்டால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பிளாஸ்திரியால் மூடச் சொல்வார்கள், அதில்தான் எல்லா வீட்டிலும் சண்டை. என்னிடம் வந்த ஒரு பெண் குழந்தையின் அம்மா தினமும் தவறாமல் 2 மணி நேரம் ஒட்டினார், பார்வை மட்டும் ஏறவே இல்லை. பார்த்தால் அந்தக் குட்டி மூக்குப் பக்கம் ஓரத்தை லேசாக உரித்துவிட்டு நல்ல கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! ஒட்டிவிட்டு நீங்கள் சமையலுக்குப் போய்விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து வண்ணம் தீட்டவோ பாசி கோக்கவோ வையுங்கள்.

அவனுக்குத் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் அன்றே கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள், ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இருப்பது அபூர்வமில்லை.